சமைத்துப் பார்க்கட்டும் பிள்ளைகள்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு ஆலைகளுக்கு வேலைக்குச் செல்லும் பெண்களின் நாள், ஊர் விழிக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, தூக்குவாளியில் மதிய உணவை எடுத்துக்கொண்டு, ஆலை வண்டி வந்து நிற்கும் இடத்துக்கு அவர்கள் விரைய வேண்டும். தாய் வண்டியில் ஏறிய பிறகு வீட்டில் எஞ்சியிருக்கும் வேலையை யார் பார்க்கிறார்கள்? பெரும்பாலும் அந்த வீட்டின் மூத்த பெண்பிள்ளைதான். தம்பிக்குத் தோசை வார்ப்பதும், மாலையில் தாய் திரும்புவதற்குள் உலை வைப்பதும் அவள் பொறுப்பாகிவிடுகின்றன. அவளை அருகில் நிறுத்தி யாரும் சமையல் கற்றுத்தந்ததில்லை. பார்த்தாள், பழகிக்கொண்டாள், அவ்வளவே.

எனவே, 'குழந்தைகளுக்குச் சமையல் கற்றுத்தரலாமா?' என்ற கேள்வி இந்த மண்ணில் காலங்கடந்த கேள்வி. இங்கே குழந்தைகள் ஏற்கெனவே சமைத்துக் கொண்டுதான் இருக்கிறார்கள். எந்தக் குழந்தைகள் சமைக்கிறார்கள், யாருடைய மேற்பார்வையில் சமைக்கிறார்கள், எதைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பவையே நாம் கேட்க வேண்டியவை. ஆண், பெண் இருபாலருக்கும் சமையலைப் பள்ளிப் பாடமாக, ஒழுங்கான நூலொன்றைக் கையில் கொடுத்துக் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. அப்போதுதான் அது பெண்பிள்ளையின் தலையில் விழும் சுமை என்ற நிலை மாறி, எல்லோருக்கும் உரிய அறிவாகும்.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை உணர்வு தேவை. சிவகாசியைப் பற்றிப் பேசுகையில் 'குழந்தைகளின் கைவேலை' என்ற சொற்களைக் கூசாமல் உச்சரித்துவிட முடியாது. தீப்பெட்டித் தொழிலிலும் பட்டாசுத் தொழிலிலும் ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியர் உழைத்த காலம் ஒன்று இருந்தது. குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் பிஞ்சு விரல்களே ஏற்றவை என்று அதற்கு நியாயமும் கற்பிக்கப்பட்டது. 1986-ஆம் ஆண்டில் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசி தீப்பெட்டி ஆலைகள் தொடர்பாக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம், சட்டத்தை மீறிப் பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்காகவும் உரிமையாளர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2016-இல் திருத்தப்பட்ட சட்டம், சில விலக்குகளுடன், 14 வயதுக்கு உட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தக்கூடாது என்றது. 14 முதல் 18 வயது வரையிலானோரை வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழில்களிலிருந்து விலக்கியது.

இவ்வளவு நெடிய போராட்டத்துக்குப் பிறகு, குழந்தைகள் ஆலையிலிருந்து பள்ளிக்குத் திரும்பினார்கள். ஆனால் சட்டத்தின் பார்வை வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. தன் வீட்டு அடுப்பின் முன் நிற்கும் சிறுமியை எந்தச் சட்டமும் தொழிலாளி என்று கருதுவதில்லை. கருத வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அவள் நிற்கும் அந்த இடத்தில் அவளுடைய தம்பியோ அண்ணனோ ஏன் நிற்பதில்லை என்பதே என் கேள்வி.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதற்கு விடை தருகிறது. ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், ஒரு நாளில் ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1 விழுக்காடு மட்டுமே. அவ்வாறு ஈடுபட்டவர்களிலும் பெண்கள் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிட்டனர். ஆலையில் கூலிக்கு உழைத்துவிட்டு வரும் பெண்ணுக்கும் இந்தக் கணக்கிலிருந்து விலக்கில்லை. பட்டாசுக்கு மருந்து செலுத்திய கைகள் வீட்டுக்கு வந்து மாவு பிசைகின்றன.

கற்றலையும் சுமையையும் பிரிக்கும் கோடு எது? ஒரு வேலை குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிந்து, அதில் தவறு நேர்ந்தாலும் யாரும் பட்டினி கிடக்காமல், செய்த பிள்ளையின் அறிவு வளருமானால் அது கற்றல். அந்தப் பிள்ளை செய்யாவிட்டால் வீட்டில் சோறில்லை என்ற நிலை வந்தால் அது சுமை. சாதம் குழைந்துவிட்டதே என்று வீட்டில் திட்டு வாங்கும் சிறுமி எதையும் கற்றுக்கொள்வதில்லை; பயத்தைத்தான் கற்றுக்கொள்கிறாள். ஏன் குழைந்தது, தண்ணீர் எவ்வளவு கூடிவிட்டது என்று விளக்கப்பெறும் குழந்தையோ அடுத்த முறை தானே அளவைத் திருத்திக்கொள்ளும்.

இந்த இடத்தில்தான் நூலின் தேவை எழுகிறது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிவரும் சமையல் நூல்களில் முதன்மையானது எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. 1951-இல் சென்னையில் வெளிவந்த இந்நூல், பின்னர் மேலும் தொகுதிகளாக விரிந்தது, ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டது. மீனாட்சி அம்மாள் இளவயதிலேயே கணவரை இழந்தவர். அவருடைய கைப்பக்குவத்தை அறிந்த உறவினர்கள் குறிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதையெல்லாம் தொகுத்து நூலாக்கும்படி அவருக்கு ஊக்கமளித்தவர் உறவினர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். கைம்பெண்ணுக்குச் சமூகம் எந்த இடமும் தர விரும்பாத காலத்தில், சமையலறையில் பெற்ற அறிவையே எழுத்தாக்கித் தமக்கென ஓர் இடத்தை அவர் அமைத்துக்கொண்டார்.

அந்நூல் செய்த பெரிய மாற்றம் ஒன்று உண்டு. அதுவரை நம் வீடுகளில் சமையல் என்பது கண் பார்த்து, கை அளந்து, நாக்கு தீர்மானித்த கலை. 'கொஞ்சம் போடு', 'பதமாக இறக்கு' என்பனவே பாடங்கள். அவற்றைப் புரிந்துகொள்ள மாமியாருடனோ தாயுடனோ ஆண்டுக்கணக்கில் உடன் நிற்க வேண்டும். மீனாட்சி அம்மாள் சாமான்களையும் அளவுகளையும் செய்முறையையும் வரிசைப்படுத்தி எழுதினார். அதனால், படிக்கத் தெரிந்த எவரும், எந்த ஊரில் இருந்தாலும், யாருடைய தயவும் இன்றிச் சமைக்க முடிந்தது. வேலைக்காகவும் படிப்புக்காகவும் வெளியூர் சென்ற பிள்ளைகளின் பெட்டிகளில் அந்நூல் இடம்பெற்றதற்கு இதுவே காரணம். எழுத்தில் வந்துவிட்ட அறிவு பொதுச் சொத்தாகிறது. அது பெண்ணுக்கு மட்டும் என்று யாரும் பூட்டிவைக்க முடியாது.

பள்ளிக்குள் அத்தகைய நூல் வந்தால் அது பல பாடங்களுக்குத் துணையாகும். மீனாட்சி அம்மாள் எழுதிய காலத்துச் சமையலறையின் முகத்தல் அளவுகள் ஆழாக்கும் படியும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. அதாவது ஆழாக்கு என்பது படியில் எட்டில் ஒரு பங்கு. 1956-இல் எடை, அளவைச் சட்டம் இயற்றப்பட்டு, மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தபின் இந்த அளவுகள் மறைந்தன. நான்கு பேருக்கான குறிப்பை ஆறு பேருக்கு மாற்று என்று ஆறாம் வகுப்பு மாணவனிடம் சொல்லிப் பாருங்கள். விகிதமும் பின்னமும் அவன் கையில் அரிசியாக நிற்கும். பருப்பு ஏன் ஊறுகிறது, மாவு ஏன் புளிக்கிறது, உப்பு சேர்த்த காய் ஏன் நீர் விடுகிறது என்பவை அறிவியல் வகுப்பின் கேள்விகள். குறிப்பைப் படித்து வரிசை மாறாமல் செய்வது மொழிப் பயிற்சி. 'சமைத்துப் பார்' என்ற தலைப்பிலேயே ஒரு கல்விக் கொள்கை அடங்கியிருக்கிறது: செய், என்ன ஆகிறது என்று பார், மறுபடியும் செய்.

ஆனால் அந்த ஒரு நூலையே விருதுநகர் மாவட்டப் பள்ளிகளுக்குக் கொடுத்துவிட்டால் போதும் என்று நான் நினைக்கவில்லை. அது ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் சைவ உணவு மரபிலிருந்து எழுந்த நூல். கரிசல் காட்டுக் குடும்பங்களின் கம்பங்கூழும் சோளச்சோறும் குதிரைவாலியும் கருவாட்டுக் குழம்பும் அதன் உலகத்தைச் சேர்ந்தவை அல்ல. மேலும், அது நெடுங்காலம் புதுமணப் பெண்களுக்குத் தரும் சீர்ப்பொருளாகவே இருந்துவந்தது. மணமகனுக்கு அந்நூலைப் பரிசளித்த வீடுகள் எத்தனை என்று கேட்டால் விடை சொல்வது கடினம். நூலின் முறையை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளடக்கத்தை இந்த மண்ணிலிருந்து நிரப்புவோம்.

இதற்கு முன்மாதிரி நம் அருகிலேயே இருக்கிறது. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன், கரிசல் மக்களின் பேச்சில் வாழ்ந்த சொற்களைத் திரட்டி, 1982-இல் வட்டார வழக்குச் சொல்லகராதியாகத் தந்தார். பல்கலைக்கழகம் செய்யாத வேலையை, ஊர் மக்களிடம் கேட்டுக் கேட்டு அவர் செய்தார். அதே வழியில், நம் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் பாட்டிகளிடமும் தாத்தாக்களிடமும் கேட்டு, வீட்டுக்கு இரண்டு குறிப்புகளை அளவுடன் எழுதி வரட்டும். 'ஒரு கை' என்று பாட்டி சொன்னால், அந்தக் கையளவை எடைபோட்டுக் குறிக்கட்டும். மழை பொய்த்த ஆண்டில் என்ன சாப்பிட்டார்கள், நெல்லுச்சோறு எந்தெந்த நாளில் கிடைத்தது என்பதையும் கேட்டு எழுதட்டும். அந்தத் தொகுப்பு ஒரே நேரத்தில் சமையல் நூலாகவும் இந்த மாவட்டத்தின் வரலாறாகவும் அமையும். நாடு முழுவதற்கும் நாட்காட்டியும் நோட்டுப் புத்தகமும் அச்சிட்டுக் கொடுக்கும் சிவகாசிக்கு, தன் பிள்ளைகள் எழுதிய நூலை அச்சிடுவது பெரிய காரியமல்ல.

இந்த மாவட்டத்துக்கு உணவு புதிய பெருமையும் அல்ல. சாத்தூர்க் காராச்சேவும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும், விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவும் தமிழகம் அறிந்தவை. பருப்பு, மிளகாய் வற்றல், மல்லி, எண்ணெய் வணிகத்தில் விருதுநகர்ச் சந்தைக்கு நெடிய பெயருண்டு. ஆனால் கடையில் பொட்டலமாகக் கிடைப்பதைத் தின்று வளரும் பிள்ளைக்கு, அந்த மிளகாய் தன் ஊர்க் கரிசலில் விளைந்தது என்பது தெரிவதில்லை. சமையல் பாடம் வயலையும் சந்தையையும் அடுப்பையும் ஒரு கோட்டில் இணைத்துக் காட்டும்.

பிற நாடுகள் இதை எப்போதோ தொடங்கிவிட்டன. ஜப்பானில் மனையியல் பாடம் ஒரு காலத்தில் உயர் வகுப்புகளில் மாணவியருக்கானதாகவே கருதப்பட்டது. 1993-இல் நடுநிலைப் பள்ளிகளிலும் 1994-இல் மேல்நிலைப் பள்ளிகளிலும் அது இருபாலருக்கும் பொதுவாக்கப்பட்டது. இங்கிலாந்தில் 2014 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டம், 14 வயது வரையிலான மாணவர்களுக்குச் சமையலையும் ஊட்டச்சத்தையும் கட்டாயமாக்கியது. அண்டை மாநிலமான கேரளம் 2024-இல் வெளியிட்ட மூன்றாம் வகுப்புப் பாடநூலில், தேங்காய் துருவும் தந்தையின் படம் இடம்பெற்றுப் பலரது பாராட்டைப் பெற்றது. தமிழ்நாடும் 2025 ஆகஸ்ட் 8 அன்று தனக்கென மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. பாடத்திட்டம் குறித்துச் சிந்திக்கும் இவ்வேளையில், சமையலுக்கும் ஓர் இடம் கேட்பது பொருத்தமானதே.

ஆண்கள் சமைப்பது நம் மரபுக்குப் புறம்பானது என்று சொல்வோர் நளனையும் பீமனையும் மறந்துவிட்டார்கள். சுவையான உணவுக்கு 'நளபாகம்' என்று பெயர் வைத்த சமூகம் இது. கல்யாணப் பந்தியிலும் கோயில் மடைப்பள்ளியிலும் கரண்டி பிடிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்களே. பேரும் கூலியும் கிடைக்குமிடத்தில் சமையல் ஆணுக்குரியதாகவும், இரண்டும் கிடைக்காத வீட்டில் அது பெண்ணுக்குரியதாகவும் பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பிரிவினையைப் பத்து வயதிலேயே கேள்விக்குள்ளாக்குவதுதான் பள்ளியின் வேலை.

பள்ளிச் சமையலறை உடைக்கவேண்டிய இன்னொரு சுவரும் இருக்கிறது. காலை உணவுத் திட்டத்தில் சமைக்கும் பெண்ணின் சாதியைக் காரணம் காட்டி, பெற்றோர் சிலர் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்ததாக 2023-இல் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து செய்திகள் வந்தன. தலைவர்களும் அதிகாரிகளும் நேரில் சென்று அந்த உணவை உண்டு காட்ட வேண்டியிருந்தது. ஒரே மேசையில் காய் நறுக்கி, ஒரே பாத்திரத்தில் கிளறி, ஒருவர் சமைத்ததை மற்றவர் உண்டு வளரும் பிள்ளைகளிடம் நாளை அப்படியொரு பேச்சு எளிதில் எடுபடாது. சமத்துவத்தைப் பாடமாக ஒப்பிக்கச் சொல்வதைவிட, அதை ஒரு வாய் உண்ணச் செய்வது வலிமையானது.

எதிர்வாதங்களும் உண்டு. முதலாவது, 'பசிக்குச் சோறு போடவேண்டிய அரசின் கடமையைப் பிள்ளைகள் தலையில் கட்டுவதா?' என்பது. விருதுநகரில் பிறந்த காமராஜர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. விடியலிலேயே வேலைக்குச் செல்லும் தாய்மார்கள் நிறைந்த இந்த மாவட்டத்துக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பதை விளக்க வேண்டியதில்லை. இவற்றில் ஒரு பருக்கையும் குறையக்கூடாது. பள்ளிப் பிள்ளைகள் சத்துணவுக் கூடத்தின் வேலையைச் செய்யவும் கூடாது. பாட வேளையில் சிறிதளவு சமைத்து, அங்கேயே பகிர்ந்து உண்பதோடு அது முடிய வேண்டும். இதை அரசாணையிலேயே எழுதிவைப்பது நல்லது.

இரண்டாவது வாதம் நெருப்பைப் பற்றியது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் நிகழ்ந்த விபத்தை மறக்காத மண்ணில், 'பிள்ளைகளை அடுப்பருகே நிறுத்துவதா?' என்று கேட்பது இயல்பே. ஆனால் இந்தச் சிறுமியர் இன்று யாரும் உடனில்லாமல் அடுப்பருகே நின்றுகொண்டிருக்கிறார்கள் என்பதுதான் அஞ்சவேண்டிய செய்தி. எரிவாயு உருளையின் குழாயைச் சோதிப்பது, வாசம் வந்தால் மின்விளக்கின் விசையைத் தொடாமல் சன்னலைத் திறப்பது, எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடுவது, செயற்கை இழைத் துணியோ தொங்கும் தாவணியோ இல்லாமல் பருத்தி உடையோடு அடுப்பருகே செல்வது ஆகியவற்றை எங்கே கற்பார்கள்? ஆலையிலிருந்து வருபவர் அலுமினியத் தூளும் வெடிமருந்தும் படிந்த உடையை மாற்றி, கைகழுவிய பிறகே அடுப்பையும் உணவையும் நெருங்க வேண்டும் என்பதை, பள்ளியில் கற்ற பிள்ளை வீட்டுக்கும் எடுத்துச் சொல்லும். நெருப்பைத் தொழிலாகக் கொண்ட மாவட்டம், நெருப்பைப் பாடமாகக் கற்பிக்கத் தயங்கக்கூடாது.

மூன்றாவது, 'பாடச்சுமை ஏற்கெனவே அதிகம்' என்பது. புதிய தேர்வோ மதிப்பெண்ணோ வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும். முதல் மூன்று வகுப்புகளில் பயறு பிரித்தல், பட்டாணி உரித்தல், அளத்தல், கைகழுவுதல். நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் அடுப்பில்லாச் சமையல்: பானகம், நீர்மோர், ஊறவைத்த அவல், முளைகட்டிய பயறு. ஆறு முதல் எட்டு வரை, ஆசிரியர் உடனிருக்க, சுண்டல், சோறு, ரசம், துவையல். எட்டாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு மாணவனும் மாணவியும், குறிப்பைப் படித்து ஒரு வேளை உணவைத் தனியே ஆக்கி, பாத்திரத்தையும் கழுவிவைக்கத் தெரிந்திருந்தால் போதும். பாத்திரம் கழுவுதலை நான் வேண்டுமென்றே சேர்க்கிறேன். ஆண்கள் 'ஒருநாள் சமையல்' செய்யும் வீடுகளில் பெண்களுக்கு மிச்சமாவது பெரும்பாலும் அதுதான்.

செலவும் பெரிதன்று. வட்டாரத்துக்குச் சில பள்ளிகளைத் தேர்ந்து, ஓர் எடைத்தட்டு, அளவுக் குவளைகள், ஓர் அடுப்பு, ஒரு தீயணைப்பான் ஆகியவற்றைக் கொடுத்து மாவட்ட நிர்வாகமே தொடங்கலாம். பட்டாசு, அச்சு, தீப்பெட்டித் தொழில்களில் பொருளீட்டிய நிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து இதற்கு உதவுவது, ஒருவகையில் பழைய கடன் ஒன்றைத் தீர்ப்பதாகவும் அமையும். தலைமுறைகளுக்கு முன் பிள்ளைகளின் விரல்களிலிருந்து இந்தத் தொழில்கள் எடுத்துக்கொண்டதற்கு, அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் விரல்களுக்கு ஒரு கல்வியைத் திருப்பித் தரலாம்.

பள்ளி தொடங்கிவைப்பதை வீடுதான் நிலைநிறுத்த வேண்டும். பள்ளியில் தோசை வார்க்கக் கற்ற மகனை, வீட்டில் 'உனக்கெதற்கு இந்த வேலை?' என்று தந்தை தடுத்தால் எல்லாம் வீணாகும். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளையாவது தந்தையும் மகனும் நூலைத் திறந்து வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் நுழையட்டும். அன்றைக்குக் குழம்பில் உப்பு கூடலாம், சோறு அடிப்பிடிக்கலாம். ஆறு நாளும் ஆலையில் நின்று வந்த தாய், அன்று ஒரு வேளை உட்கார்ந்து, மகன் பரிமாற, சுடச்சுட உண்ணட்டும். அவளுடைய மகளும் பக்கத்தில் அமர்ந்து உண்ணட்டும்.